கனமின்மையும் வலிமையும்

ஸ்ரீரங்கத்தின் தென்வாயிலில் 1987-ஆம் ஆண்டில் நிறைவெய்திய இராஜகோபுரம் ஏறத்தாழ 72 மீட்டர் உயரமுள்ளது. அதன் பாரத்தைப் பூமி தாங்குதலின், பாரம் அதற்கு ஒரு குறையன்று. விண்ணிற் செல்லும் ஊர்தியோ தன் பாரத்தைத் தானே சுமக்க வேண்டும். அதன் உடல் எத்துணைக் கனக்கின்றதோ அத்துணை, அது கொண்டுசெல்லும் சுமை குறையும். ஆகவே, அதனைச் சமைப்போர் ஒரு பொருள் எவ்வளவு வலியது என்று மாத்திரம் வினவார். தன் எடைக்கு எவ்வளவு வலியது என்றே வினவுவர்.

சம அளவுள்ள நீரைப்போல் எஃகு 7.8 மடங்கும், அலுமினியம் 2.7 மடங்கும் எடையுள்ளவை. ஆயின் தூய அலுமினியம் எளிதில் வளைவது. அதனோடு சிறிது செம்பும் மக்னீசியமும் சேர்த்துக் காய்ச்சி, விரைவிற் குளிர்வித்து வைத்தால், நாட்பட நாட்பட அது உறுதி பெறுவதை ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் 1906-இல் கண்டறிந்தார். விமானங்களின் உடல் நெடுங்காலம் இவ்வகைக் கலவையாலேயே அமைந்தது.

பின்னர்த் தோன்றியது, கார்பன் இழைகளைப் பிசினிற் பதித்த கூட்டுப்பொருள். இது நீரைப்போல் சுமார் 1.6 மடங்கு எடையே உள்ளது. இதன் தத்துவம் நமக்குப் புதிதன்று. மண்சுவர் எழுப்புவோர் சேற்றில் வைக்கோலைக் கலப்பர். சேறு உருவந் தரும், வைக்கோல் வெடிப்பைத் தடுக்கும். அவ்வாறே இங்கும் இழை இழுவிசையைத் தாங்க, பிசின் இழைகளைப் பிணைத்து நிறுத்தும்.

திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் 1954-இல் பௌதிகம் பயின்று பட்டம் பெற்ற அப்துல் கலாம், ஹைதராபாத்தில் ஏவுகணைப் பணிக்குத் தலைமை பூண்டார். 1989 மே 22-இல் முதன்முறை ஏவப்பெற்ற அக்னியின் முனை, வளிமண்டலத்துள் மீண்டும் புகுங்கால் கடும் வெப்பத்திற்கு ஆளாவது. அதனைத் தாங்கவல்ல இலேசான கூட்டுப்பொருள் அங்கே ஆக்கப்பட்டது.

அவ்வாய்வுக்கூடத்திற்கு வந்த எலும்பு மருத்துவர் ஒருவர் அப்பொருளைக் கையிலெடுத்துப் பார்த்து, அதன் இலேசைக் கண்டு வியந்தார். கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். கால் செயலிழந்த சிறுவர் சிறுமியர் மூன்று கிலோகிராமுக்கு மேற்பட்ட உலோகக் கவசங்களைப் பூட்டிக் காலை இழுத்து நடந்துகொண்டிருந்தனர். மூன்று வாரங்களில் 300 கிராம் எடையுள்ள கவசங்களைச் செய்தளித்ததாகவும், குழந்தைகள் தடையின்றி நடந்ததாகவும் கலாம் கூறியுள்ளார்.

மாணவ நண்பர்களே! ஆக்கியோர் அறியாதிருந்த ஒரு பயன், பிணியாளர் துன்பத்தை நாடோறும் கண்ட மருத்துவர் கைக்குப் புலனாயிற்று. பொருளின் இயல்பை ஆராய்தல் கல்வியின் ஒரு பாதி. அவ்வியல்பு எவருடைய சுமையைக் குறைக்கும் என்று தேடுதல் மறுபாதியாகும்.