சொல்லுள் மறைந்த சொல்

நுழையும்முன்

சொல்லுக்குள் பொருளை ஒளித்துவைத்துத் தேடச் செய்வது தமிழருக்குப் புதிதன்று. விடுகதையைத் தொல்காப்பியம் 'பிசி' என்று குறிப்பிடுகிறது. அறிவுக்கு விருந்தாகும் அத்தகைய விளையாட்டுகளுள் ஒன்றே குறுக்கெழுத்துப் புதிர்.

தோற்றம்

ஆர்தர் வின் அமைத்த முதல் குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் வெளிவந்தது. அதன் குறிப்புகள் நேர்ப்பொருள் தந்தன. பொருளை மறைத்துக் கூறும் குறிப்புகள் பின்னர் இங்கிலாந்தில் வளர்ந்தன. 'டார்க்கிமாடா' என்னும் புனைபெயரில் எட்வர்டு பவிஸ் மேதர்ஸ் 1926 முதல் 'அப்சர்வர்' இதழில் அமைத்த புதிர்கள் இவ்வகையில் புகழ்பெற்றவை.

இரு வழி, ஒரு விடை

மறைபொருள் குறிப்பு இரு பகுதிகளை உடையது. ஒன்று விடையின் பொருளைச் சுட்டும். மற்றொன்று விடைச்சொல்லின் எழுத்துகளைத் தரும். கீழ்வரும் குறிப்பைக் காண்க. அடைப்பிலுள்ள எண் எழுத்துகளின் எண்ணிக்கையாகும்.

சோலை பரப்பு, சோழநாடு செழிக்க வருவாள் (3)

சோழநாட்டைச் செழிக்கச் செய்வது எந்த ஆறு என்பதைப் பொது அறிவு உணர்த்தும். ஆயினும், அவ்வாற்றுக்குக் 'காவிரி', 'பொன்னி' என இரு பெயர்கள் உண்டு. இரண்டும் மூன்றெழுத்துச் சொற்களே. எதனை எழுதுவது? சோலை என்பதற்குக் 'கா' என்றும், பரப்பு என்பதற்கு 'விரி' என்றும் பொருள் கொண்டால் ஐயம் நீங்கும். விடை, காவிரி. ஒரு வழியில் கண்ட விடையை மற்றொரு வழி உறுதிசெய்வதே இப்புதிரின் நேர்மை.

தலையிழந்த நகரம் கொடுக்க நீளும் (3)

இதனைப் படித்ததும் அரசனை இழந்த ஊர் மனக்கண்ணில் தோன்றும். அத்தோற்றத்தில் மயங்காமல் சொற்களைத் தனித்தனியே நோக்க வேண்டும். 'தலை' என்பது இங்கு முதலெழுத்து. 'நகரம்' தன் முதலெழுத்தை இழந்தால் 'கரம்' ஆகும். கொடுக்க நீள்வதும் கரமே. எழுத்தை நீக்கி வேறு சொல் பெறும் இவ்வுத்தியைத் தண்டியலங்காரம் 'அக்கரச்சுதகம்' என்னும் சித்திரகவியாகக் கூறுகிறது.

பயன்

1942 சனவரியில் இலண்டனில் 'டெய்லி டெலிகிராப்' இதழ், 12 நிமிடங்களுக்குள் புதிரை விடுவிக்கும் போட்டியொன்றை நடத்தியது. அதில் பங்கேற்றோருள் சிலர், போர்க்காலத்தில் பகைவரின் மறைகுறியீடுகளை ஆராயும் பணிக்கு அழைக்கப்பட்டனர். தோன்றிய முதற்பொருளோடு நின்றுவிடாமல் ஐயுற்று ஆராய்ந்து தெளியும் பழக்கம், புதிருக்கு மட்டுமன்றி எந்நூலைக் கற்பதற்கும் துணைநிற்கும்.

கற்பவை கற்றபின்

1. 'முதலிழந்த பாரதம் போர்க்களத்தில் உருளும் (3)' – விடையைக் கண்டறிந்து, இரு வழிகளையும் விளக்குக.
2. 'வைகை' என்னும் சொல்லைப் பிரித்து, அதனை விடையாகக் கொண்ட குறிப்பொன்றை உருவாக்குக.