கூரை இல்லாதவர்க்கும் சூரிய மின்சாரம்

சூரிய மின்சாரம் என்றதும் நாம் கூரையைத்தான் அண்ணாந்து பார்க்கிறோம். வாடகை வீட்டிலும் தொடர்மாடியிலும் இருப்போர் என்ன செய்வது? அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2016 இல் ‘கிளீன்பவர்எஸ்எஃப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வீடுகளுக்கும் கடைகளுக்கும் வேண்டிய மின்சாரத்தை நகரமே மொத்தமாக வாங்குகிறது. சிறு கடைக்காரர் ஒருவர் காற்றாலையுடன் தனியாகப் பேரம் பேச முடியாது; ஊரே சேர்ந்து போனால் முடியும். கம்பிகளும் பட்டியல் அனுப்புவதும் பழைய பீஜீ அண்ட் ஈ கம்பனியின் பொறுப்பே.

அப்படியானால் அங்குள்ள மின்குமிழுக்கு வருவது காற்றாலை மின்சாரம்தானா? பௌதிகவியல் படிக்கும் எனக்கு முதலில் எழுந்த கேள்வி இது. அப்படிச் சொல்ல முடியாது. குளத்தில் விழுந்த மழைநீரைப் பிரிக்க முடியாததுபோல மின்வலையமைப்பில் எல்லாம் கலந்துவிடும். ‘சூப்பர்கிரீன்’ தெரிவை எடுத்தவர் எவ்வளவு செலவழிக்கிறாரோ அவ்வளவும் சூரியன், காற்று போன்றவற்றிலிருந்து வலையமைப்பில் சேர வேண்டும். அவர் வாங்குவது அந்தக் கணக்கைத்தான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. 2002 இன் கலிபோர்னியச் சட்டப்படி நகரத்தார் தாமாகவே சேர்க்கப்படுகிறார்கள், விரும்பாதவர் விலகலாம். கேட்காமல் சேர்ப்பது நியாயமா? முன்கூட்டியே தபாலில் அறிவிப்பதால் நியாயம்தான் என்பது என் எண்ணம். உம்மாவிடம் இதைச் சொன்னேன். “பட்டியல் கூடுமா?” என்று மட்டும் கேட்டார். சூப்பர்கிரீனுக்குக் கொஞ்சம் கூடும். ஆனால் அதை விரும்பிக் கேட்பவருக்குத்தான் கொடுக்கிறார்கள்.