கபாலா தியானமும் ஹெர்மெஸ் நெறிச் சாதனப் படிகளும்

இரு நெறிகள் தம்முள் ஒப்புடையன என்று கூறுவார், அவ்வொப்புமை பொருளினதோ, முறையினதோ, பயனினதோ என்று முதற்கண் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். அங்ஙனம் வரையறாது, எண்ணும் பெயரும் ஒத்தமை ஒன்றே பற்றி இரண்டனையும் ஒன்றெனத் துணிதல் ஆராய்ச்சியாகாது. மேனாட்டு மறைநெறியாளரிடை இம்மயக்கம் பெரிதும் நிகழ்வது, யூதருடைய கபாலா தியானத்தை ஹெர்மெஸ் நெறியினரின் மந்திர சாதனப் படிகளோடு இணைக்குமிடத்தாகும். அவ்விணைப்பு எவ்வளவிற்கு உண்மையாம் என்பது ஈண்டு ஆராயப்படும்.

கபாலா என்பது எபிரேயச் சொல். வழிவழி பெறப்பட்டது என்பது அதன் பொருள். தலையோட்டை உணர்த்தும் கபாலம் என்னும் சொல்லோடு அதற்கு யாதொரு தொடர்புமின்று. இந்நெறியினர் போற்றும் பழைய நூலாகிய செபெர் எட்சீரா, உலகப் படைப்பினை 10 செபிரோத்துக்களாலும் 22 எபிரேய எழுத்துக்களாலும் விளக்கி, அவ்வெழுத்துக்களைத் தாயெழுத்து 3, இரட்டையெழுத்து 7, தனியெழுத்து 12 என வகுக்கும். பிற்காலத்துக் கபாலா அறிஞர், ஐன் சோப் எனப்படும் முடிவிலாப் பொருளினின்றும் கெத்தெர் முதல் மல்கூத் ஈறாக மேனின்று கீழாக வெளிப்படும் தெய்விக நிலைகளே அப்பத்தும் என்று கொண்டு, அவற்றை ஒரு மரவடிவிற் காட்டுவாராயினர்.

இந்நெறியில் தியான முறையினை விரிவாக வகுத்துரைத்தவருள் தலைசிறந்தவர், 1240-இல் ஸ்பெயின் நாட்டுச் சரகோசாவிற் பிறந்த ஆபிரகாம் அபுலாபியா ஆவர். தனித்த இடத்தில், தூய உடை அணிந்து, மனத்தை உலக எண்ணங்களினின்றும் விடுத்து, எபிரேய எழுத்துக்களையும் தெய்வப் பெயர்களையும் மாற்றி மாற்றிக் கூட்டுதல் அவர் முறை. அக்கூட்டம் எழுத்தால் எழுதுதல், வாயால் ஒலித்தல், மனத்தால் நினைத்தல் என மூவகைப்பட்டு, பருமையினின்றும் நுண்மைக்குச் செல்லும். ஒலிக்குங்கால் மூச்சின் அளவும் தலையின் அசைவும் வரையறுக்கப்பட்டுள. இதன் பயன் தீர்க்கதரிசன நிலையும் இறைபாற் பற்றி நிற்றலுமாம். தெய்வப் பெயர்களைக் கொண்டு மாயச் செயல் புரிவாரை அவர் வன்மையாகக் கடிந்தனர் என்பது ஈண்டு மறவாது உளங்கொளற்பாலது.

இனி, ஹெர்மெஸ் நெறியாவது யாதெனின், ஹெர்மெஸ் திரிஸ்மெகிஸ்தஸ் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களை அடியாகக் கொண்டது. இந்நூல்களை மார்சீலியோ பிசீனோ 1463-இல் இலத்தீனில் மொழிபெயர்த்தனர். இவை எகிப்தின் தொன்முது நூல்கள் அல்ல, கிறித்து பிறந்த பின்னர் எழுந்தனவே என்று ஐசக் கசோபன் 1614-இல் மொழியாராய்ச்சியாற் காட்டினர். இந்நெறியும் கபாலாவும் ஒன்றுகூடியது ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலத்தேயாம். பீக்கோ தெல்லா மிராந்தோலா 1486-இல் வெளியிட்ட 900 கோட்பாடுகளுள் கபாலாவையும் மந்திர வித்தையையும் ஒருங்கு வைத்தனர். 1533-இல் முழுதும் அச்சேறிய அகிரிப்பாவின் நூல் அவ்விணைப்பை எங்கும் பரப்பிற்று. எனவே, தொடர்பு உண்டென்பது வரலாற்றுண்மை. அது தொன்றுதொட்டதன்று என்பதும் அவ்வாறே உண்மை.

அவ்விணைப்பு படிமுறையாக உருப்பெற்றது 1888-இல் இலண்டனில் தோன்றிய, பொன்வைகறை எனப் பொருள்படும் கோல்டன் டான் சங்கத்திலாகும். அச்சங்கத்தார் தம் மாணாக்கர் அடையும் பட்டங்களைச் செபிரோத்துக்களோடு நேர்படப் பொருத்தினர். தொடக்கநிலையினன் மரத்தின் புறத்தே நிற்பன். முதற்பட்டம் பத்தாவதாகிய மல்கூத்திற்கும், இரண்டாவது ஒன்பதாவதாகிய யெசோத்திற்கும், மூன்றாவது எட்டாவதாகிய ஹோத்திற்கும், நான்காவது ஏழாவதாகிய நெத்ஸாவிற்கும் உரியன. இந்நான்கும் முறையே மண், காற்று, நீர், தீ என்னும் பூதங்களுக்கும் உரியனவாம். இங்ஙனம், இறைமையின் வெளிப்பாட்டை உணர்த்தவந்த மரம், மாணாக்கன் ஏறும் ஏணியாயிற்று. செபிரோத்துக்களின் வழியே மேலேறுதல் கபாலாவிலும் உண்டன்றோ எனின், உண்டு. ஆயின் ஆண்டு மேலேறுவது கவ்வானா எனப்படும் வழிபாட்டுக் கருத்தொருமையேயன்றி, தேர்வும் சடங்கும் முடித்தவன் பெறும் பட்டமன்று.

பிரான்ஸ் பார்தோன் வகுத்த முறை இதனின்றும் வேறாம். செக் நாட்டினரான இவர் 1909-இற் பிறந்து 1958-இற் காவலில் இருந்தபோது காலமானவர். 1956-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த இவரது முதல் நூல் சாதனத்தை 10 படிகளாக வகுத்து, ஒவ்வொரு படியிலும் அறிவு, உள்ளம், உடல் என்னும் மூன்றற்கும் பயிற்சி விதிக்கின்றது. பத்து என்னும் எண்ணைக் கண்டவுடன், இவை பத்துச் செபிரோத்துக்களே என்று கூறுவாரும் உளர். நூலமைப்பு அதற்கு இடந்தரவில்லை. படிகள் நாற்பூதங்களையும், வடமொழிப் பெயராலேயே அவர் வழங்கும் ஆகாசத்தையும் பற்றி நடப்பனவன்றி, மரத்தின் வரிசையைப் பற்றி நடப்பனவல்ல.

உண்மைத் தொடர்பு பிறிதோரிடத்து உளது. முதற்படியில் எண்ணங்களைக் காத்தலும், எண்ணமற்று நிற்றலும் பயிலப்படும். இரண்டாம் படியில் ஒவ்வோர் உணர்பொறியாலும் தனித்தனியே கருத்தொருமை பயிலப்படும். மூன்றாம் படியில் இரண்டு மூன்று பொறிகளை ஒருங்கு கூட்டிப் பயிலுதல் விதிக்கப்படும். 1957-இல் வந்த, கபாலா பற்றிய மூன்றாவது நூலிலோ, ஓரெழுத்தை நிறத்தாற் கண்டும், ஒலியாற் கேட்டும், அதற்குரிய தன்மையை உணர்ந்தும், இம்மூன்றும் ஒருங்கே நிகழ உச்சரித்தல் வேண்டும் என்பர். முன்னைய பயிற்சி நிரம்பாதவன் எழுத்தைச் சொன்னால் அது வெற்றொலியேயாம். எனவே, பார்தோன் முறையில் கபாலா தியானம் படிகளுள் ஒன்றன்று. படிகளின்மேல் எழுப்பப்படும் மாடம்.

இனிப் பொருள், அதிகாரி, பயன் என்னும் மூன்றானும் இவற்றை நிறுப்பாம். எழுத்தும் மூச்சும் ஒருமையும் கருவியாதலின் முறையால் ஒப்புமை உண்டு. அதிகாரியாற் பெரிதும் வேறுபாடு உண்டு: அபுலாபியாவின் மாணாக்கன் எபிரேய மறையினுள்ளும் அதன் விதிகளுள்ளும் நின்று பயில்பவன், ஹெர்மெஸ் நெறி மாணாக்கனுக்கு அவ்வரையறை இல்லை. பயனோ நுட்பமாக ஆராயற்பாலது. பார்தோனின் எழுத்துப் பயிற்சி நுண்ணுலகிலும் பருவுலகிலும் விளைவுகளை உண்டாக்கும் ஆற்றலை நாடுவது. அபுலாபியா கடிந்தது அந்நாட்டத்தையே. ஆயினும் பார்தோனின் பத்தாம் படி இறைவனோடு கலத்தலை முடிபாக வைத்தலின், அவரை வெறும் ஆற்றல் விழைந்தாராகத் தள்ளுதல் நடுநிலையாகாது.

இன்னும் ஓருண்மை உளது. பார்தோன் முதற்படியிலேயே, மாணாக்கன் தன் குற்றங்களையும் நற்குணங்களையும் இருபட்டியலாக எழுதித் தன்னைத்தான் காணும் ஆன்மக் கண்ணாடியை வைத்தனர். தெய்வப் பெயரை ஓதப் புகுமுன் தூய்மையை வேண்டிய கபாலா ஆசிரியரோடு அவர் மிக நெருங்கி நிற்குமிடம் இதுவே. மரத்தையும் எண்ணையும் பொருத்திக் காட்டுதல் எளிது. அப்பொருத்தத்தாற் பட்டம் பெற்றவன் நிலையும் பெற்றான் என மயங்குதல் அதனினும் எளிது. எழுத்து எந்நெறியினதாயினும் அதனை ஏந்தும் உள்ளம் முன்னரே பண்பட்டிருத்தல் வேண்டும் என்பதில் இருசாராரும் ஒருப்படுகின்றனர். ஒப்புமை காண விழைவார் தொடங்கற்பாலது அவ்விடத்தினின்றேயாம் என்க.