தில்லை எங்கே போனது?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு



நம் சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரும் உண்டு என்பதை நாம் எல்லோரும் அறிவோம். பிச்சாவரத்துச் சதுப்பு நிலத்தில் இன்றும் வளரும் தில்லை மரத்தால் வந்த பெயர் அது. ஓர் ஊருக்கு இரண்டு பெயர் இருப்பதால் தபால்காரர் திகைப்பதில்லை. ஆனால் ஒரே பெயருக்கு இரண்டு முகவரிகள் இருந்துவிட்டால்? அந்தத் தொல்லையைச் சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் பட்டோம்.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். அக்கா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மற்ற இருவரும் இப்பள்ளி மாணவியரே. அப்பா வீட்டிலேயே டி.டி.பி. தொழில் செய்கிறார். முன் அறையில் உள்ள கணிப்பொறியில் பத்திரிகைகளையும் சுவரொட்டிகளையும் வடிவமைப்பார். உள் அறைக் கணிப்பொறியோடு பிரிண்டர் இணைந்திருக்கிறது. முன்னதற்குத் 'தில்லை' என்றும் பின்னதற்குப் 'பிச்சாவரம்' என்றும் பெயரிட்டவர்கள் நாங்கள்தாம். இரண்டும் ரௌட்டர் என்னும் சிறு பெட்டி வழியாகப் பேசிக்கொள்ளும். பிச்சாவரத்தில் அமர்ந்து தில்லை என்று தட்டினால் அப்பாவின் கோப்புகள் திறக்கும்.

ஒருநாள் மாலை, இறந்துபோன பெரியவர் ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அச்சடிக்க அவருடைய பேரன் வந்தார். வேலை நடக்கும்போதே மின்சாரம் போயிற்று. சிறிது நேரத்தில் இன்வர்ட்டரும் ஓய்ந்தது. மின்சாரம் வந்த பிறகு பிச்சாவரத்திலிருந்து தில்லையைக் கூப்பிட்டால், பாதையைக் காணவில்லை என்று பதில் வந்தது. பேரன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவசரத்தில் பென் டிரைவில் கோப்பை எடுத்து வந்து அச்சடித்துக் கொடுத்தோம். நாங்கள் எடுத்தது திருத்துவதற்கு முந்தைய கோப்பு! மாலை 3 மணி என்று இருக்க வேண்டிய நல்லடக்க நேரம் 4 மணி என்று அச்சாகிவிட்டது. அவர்கள் ஒட்டத் தொடங்குமுன் அப்பா கண்டுபிடித்ததால் பிழைத்தோம். எல்லாவற்றையும் தம் செலவில் மீண்டும் அச்சடித்தார். எங்களை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகமாக வலித்தது.

மறுநாள் காலை, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று நாங்கள் உட்கார்ந்தோம்.

கணிப்பொறிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். வீட்டுக் கணிப்பொறிகளின் எண் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். கீழவீதியிலும் 10ஆம் எண் வீடு உண்டு, மேலவீதியிலும் 10ஆம் எண் வீடு உண்டு அல்லவா? அதுபோல இந்த எண்கள் எல்லார் வீட்டிலும் திரும்பத் திரும்ப வரும், வீட்டுக்கு வெளியே செல்லாது. ரௌட்டர்தான் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணைச் சில மணி நேரத்திற்கோ சில நாள்களுக்கோ கடனாகக் கொடுக்கிறது. பெயரைச் சொன்னதும் எண்ணைத் தேடித் தருவதையே பெயர் அறிதல் என்கிறோம். ஆகவே கோளாறு வந்தால் முதலில் கேட்க வேண்டியது: பாதை கெட்டதா, பெயர் கெட்டதா?

இதை அறிய 'பிங்' என்னும் கட்டளை இருக்கிறது. வாசலில் நின்று "அம்மா!" என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து "என்ன?" என்று வருகிறதா எனப் பார்ப்பது போன்றது. பிச்சாவரத்திலிருந்து தில்லைக்குப் பிங் கொடுத்தோம். 192.168.1.5 என்ற எண்ணிலிருந்து ஒழுங்காகப் பதில் வந்தது! பதில் வருகிறது, கோப்பு மட்டும் திறக்கவில்லை. இங்கேதான் நாங்கள் ஒரு மணி நேரம் வீணாக்கினோம். பகிர்வு அனுமதி சரியா, பாதுகாப்புச் சுவர் தடுக்கிறதா என்று தேடினோம். ஆங்கிலத்தில் எழுதும்போது தில்லைக்கு 'எச்' உண்டா இல்லையா என்று எங்களுக்குள் சண்டையும் வந்தது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவோர்க்கு இது மெய்யான ஆபத்துதான். ஓரெழுத்து மாறினாலும் கணிப்பொறிக்கு அது வேறு பெயர். ஆனால் எங்கள் நோய் அதுவன்று.

பிறகு தங்கைக்கு ஒரு யோசனை தோன்றியது. "தில்லையையே கேட்டுப் பார்ப்போமே!" என்றாள். முன் அறைக்குப் போய் 'ஐ.பி.கான்ஃபிக்' என்று தட்டினோம். 192.168.1.8 என்றது. அப்படியானால் 5 என்ற எண்ணிலிருந்து பதில் சொல்வது யார்? ரௌட்டரின் பட்டியலைத் திறந்தோம். கடலூரிலிருந்து வந்து தங்கியிருந்த எங்கள் சித்தப்பாவின் கைபேசி! மின்சாரம் போனபோது ரௌட்டர் தன் பட்டியலை மறந்துவிட்டது. கைபேசியோ பேட்டரியில் விழித்தே இருந்தது. ரௌட்டர் உயிர்பெற்றதும் முந்திக்கொண்டு 5ஐ வாங்கிக்கொண்டது. மெதுவாக எழுந்த தில்லைக்கு 8 கிடைத்தது.

பிச்சாவரத்தில் 8 என்ற எண்ணைக் கொடுத்ததும் அப்பாவின் கோப்புகள் உடனே திறந்தன. பாதை நன்றாக இருக்கிறது, பெயர்தான் கெட்டிருக்கிறது என்பது உறுதியாயிற்று. பழைய எண்ணை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? கணிப்பொறி தான் கேட்டறிந்த எண்களைச் சற்று நேரம் நினைவில் வைத்திருக்கும். அந்த நினைவை அழித்தோம். பயனில்லை. அணைத்து மீண்டும் இயக்கினோம். அப்போதும் 5 என்றே சாதித்தது. ரௌட்டரின் பட்டியலிலோ 8 என்று சரியாகவே இருந்தது. எஞ்சியது ஒன்றே ஒன்று: 'ஹோஸ்ட்ஸ்' என்னும் சிறு கோப்பு. கணிப்பொறி வேறு எவரையும் கேட்குமுன் தன்னிடமுள்ள இந்தக் கோப்பையே பார்க்கும். நிர்வாகி உரிமையோடு அதைத் திறந்தோம். கடைசி வரியில் 192.168.1.5, அதன் அருகில் தில்லை.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெயர் தேடத் தாமதமாகிறது என்று அவளே எழுதி வைத்த வரி அது! அத்தனை நாளும் தில்லைக்கு 5 என்ற எண்ணே தற்செயலாகக் கிடைத்து வந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இந்தச் சிறு கோப்புக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில், கட்டமைப்பில் இருந்த எல்லாக் கணிப்பொறிகளின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் அதைப் பேணியவர் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும். அவர் வேதியியல் படித்தவர் என்பதை அறிந்து வியந்தோம். கணிப்பொறிகள் பெருகப் பெருக ஒரே பட்டியலைத் திருத்தி எல்லாருக்கும் அனுப்புவது இயலாததாயிற்று. அதனால் 1983ஆம் ஆண்டில் பால் மொக்காபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். என்னும் முறையை வகுத்தார். அதில் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நம் வகுப்பில் மூன்று மேரிகள் இருந்தால் தலைப்பெழுத்தைச் சேர்த்து அழைக்கிறோம். அதுபோல ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் குடும்பப் பெயர் தொடரும். ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளைகளின் பட்டியலைத் தானே வைத்துக்கொள்ளும். 2010, 2011ஆம் ஆண்டுகளில் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் என்பவை தமிழ் எழுத்திலேயே இத்தகைய குடும்பப் பெயர்களாகச் சேர்க்கப்பட்டன. நமக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே அவை ஆங்கில எழுத்துகளாகவும் இலக்கங்களாகவும் மாற்றப்பட்டே பயணம் செய்கின்றன.

வீட்டுக்குள் மட்டும் வழங்கும் செல்லப் பெயர் உலகப் பட்டியலில் இராது. தில்லை என்று கேட்டால் ஒன்று ரௌட்டர் சொல்ல வேண்டும், அல்லது கணிப்பொறி வீடு முழுதும் கேட்கும்படி "தில்லை யார்?" என்று கூவ, தில்லை "நான்தான்" என்று தன் எண்ணைச் சொல்ல வேண்டும். இருவருமே சரியாகச் சொல்ல ஆயத்தமாக இருந்தும், பிச்சாவரம் தன் சட்டைப் பையில் இருந்த பழைய துண்டுச் சீட்டை நம்பி, எவரையும் கேட்கவே இல்லை!

அந்த ஒரு வரியை அழித்தோம். அடுத்த பிங்கிலேயே 8 என்று வந்தது. அத்தோடு விடாமல், ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் தில்லையின் வன்பொருள் எண்ணைக் கொடுத்து, 192.168.1.8 இனி அதற்கு மட்டுமே என்று ஒதுக்கி வைத்தோம். அப்பாவிடம் காட்டியபோது, "பென் டிரைவில் இருக்கும் பழைய கோப்புகளையும் அழித்துவிடுங்கள் அம்மா" என்றார். அதையும் செய்தோம்.

பத்து நாள் கழித்து மீண்டும் மின்சாரம் போயிற்று. வந்ததும் மூவரும் உள் அறைக்கு ஓடினோம். சித்தப்பாவின் கைபேசி ஊரில் இல்லை. ஆனால் 5 என்ற எண் அக்காவின் கைபேசிக்குப் போயிருந்தது. தில்லை 8இல் இருந்தபடியே பதில் சொன்னது.