சரி என்னும் சிறுகுறி

நம் இல்லங்களில் வணிகவியல் பயிலும் பிள்ளைகள் பலர் உள்ளனர். கல்லூரி விடுமுறையில் மூன்று நான்கு வாரங்கள் பெரிய தணிக்கை நிறுவனம் ஒன்றில் பயிற்சி பெறும் வாய்ப்பு அவர்களுள் சிலருக்குக் கிட்டுகிறது. பெற்றோர் மகிழ்ந்து அனுப்பி வைக்கின்றனர். ஆனால் முதல் வாரம் முடிவதற்குள் பிள்ளையின் முகம் வாடிவிடுகிறது. "காலை முதல் மாலை வரை சான்றுச்சீட்டுகளைப் பார்த்து, 'சரி' என்று குறியிடுவதுதான் வேலை. இதற்காகவா அங்கே போனேன்?" என்பது அதன் வினா. இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயிற்சியின் இயல்பு

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இக்குறுகிய பயிற்சி வேறு. பட்டயக் கணக்காளர் ஆவதற்குரிய பயிற்சி வேறு. 1949 ஜூலை 1 அன்று சட்டப்படி தோன்றிய இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் அடிப்படை, இடைநிலை, இறுதி என மூன்று படிகளில் தேர்வு நடத்துகிறது. இடைநிலையில் தேறியவர் ஒரு தணிக்கையாளரிடம் பதிவு செய்துகொண்டு பயில வேண்டும். முன்பு மூன்றாண்டாக இருந்த அக்காலம், 2023 இல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. கல்லூரி விடுமுறைப் பயிற்சி இக்கணக்கில் சேராது. எனினும் இத்தொழில் தம் இயல்புக்குப் பொருந்துமா என்று மாணவர் அறிந்துகொள்ள இது ஒரு நல்வாயில்.

பெரிய நிறுவனத்தில் வேலை படிப்படியாக அமைந்திருக்கும். அறிக்கையில் கையொப்பமிடுபவர் கூட்டாளி. அவருக்குக் கீழ் மேலாளர், அவருக்குக் கீழ் முதுநிலை உதவியாளர், அடுத்துப் பயிற்சி மாணவர். கையொப்பமிடுபவர் ஒவ்வோர் ஆலையின் கிடங்கிலும் தாமே நின்று எண்ணுவதில்லை. கீழிருந்து மேலே வரும் பணித்தாள்களை ஆராய்ந்தே அவர் முடிவு செய்கிறார். ஆகவே, கடைசிப் படியில் இருப்பவர் இட்ட சிறுகுறி, படிப்படியாக ஏறி, மேலே ஒருவருடைய கையொப்பத்திற்கு ஆதாரமாகிறது. அக்கையொப்பத்தை நம்பி வங்கி கடன் கொடுக்கிறது. ஓய்வூதியப் பணத்தை ஒருவர் பங்கில் இடுகிறார்.

சரக்கை எண்ணுதல்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் நூற்பாலைகளும் அரிசி ஆலைகளும் பல உண்டு. மார்ச் 31 அன்று கணக்காண்டு முடிவதால், அந்நாளை ஒட்டிச் சரக்கிருப்பை எண்ணும் வேலை நடக்கும். தணிக்கைக் குழுவுடன் மாணவரும் அனுப்பப்படலாம். பஞ்சுக் கிடங்கில் வெக்கை தாங்க முடியாது. கிடங்குப் பொறுப்பாளர் வயதில் மூத்தவர்; தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு அன்போடு சொல்வார்: "தம்பி, நாங்கள் நேற்றே எண்ணிவிட்டோம். பட்டியலில் உள்ளபடியே குறித்துக்கொள்ளுங்கள்." இத்தகைய சொல்லை நாமும் பலமுறை கேட்டிருக்கிறோம். அவரிடம் வஞ்சம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆயினும் மாணவர், "ஐயா, நீங்கள் எண்ணியதை நான் பார்க்கவில்லை. சில வரிசைகளையாவது சேர்ந்தே எண்ணிவிடுவோம்" என்று பணிவாகச் சொல்ல வேண்டும்.

எண்ணும் முறை இரண்டு. பட்டியலிலிருந்து சில இனங்களை எடுத்துக்கொண்டு கிடங்கில் தேடுவது ஒன்று. இல்லாத சரக்கு இருப்பதாக எழுதப்பட்டிருந்தால் இதில் தெரியும். கிடங்கில் கண்ட சில பொதிகளை எடுத்துக்கொண்டு பட்டியலில் தேடுவது மற்றொன்று; எழுதாமல் விடப்பட்ட சரக்கு இதில் தெரியும். எண்ணும்போது சரக்கு உள்ளே வருவதும் வெளியே போவதும் நின்றிருக்க வேண்டும். கூலிக்கு நூற்றுத்தருவதற்காகப் பிறர் கொடுத்து வைத்த பஞ்சு தனியே பிரித்துக் காட்டப்பட வேண்டும்.

இவ்வளவு எதற்கு என்பார்க்கு, வரலாறு விடை தருகிறது. அமெரிக்காவில் மக்கெசன் அண்டு ராபின்ஸ் என்னும் மருந்து நிறுவனத்தின் மோசடி 1938 இல் வெளிப்பட்டது. ஏறத்தாழ 8 கோடியே 70 லட்சம் டாலராகக் காட்டப்பட்ட சொத்தில் சுமார் 1 கோடியே 90 லட்சம் டாலர், இல்லாத சரக்கும் இல்லாத வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய கடனுமாக இருந்தது. தணிக்கையாளர் தாள்களைப் பார்த்தனர்; தாள்கள் ஒன்றோடொன்று பொருந்தின. கிடங்கை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. அக்காலத்தில் அது கட்டாய வழக்கமாகவும் இல்லை. அதன் பின்னரே சரக்கை எண்ணும் இடத்தில் தணிக்கையாளர் இருப்பதும், கடன்பட்டோருக்கு நேரே எழுதிக் கேட்பதும் அங்கு நிலைபெற்ற முறைகளாயின.

உறுதிக் கடிதம்

மாணவருக்குக் கொடுக்கப்படும் மற்றொரு சிறு வேலை, வங்கிகளுக்கும் கடன்பட்டோருக்கும் இருப்பை உறுதி செய்யக் கோரும் கடிதங்களை ஆயத்தம் செய்வது. இதில் விதி ஒன்றே: கடிதம் தணிக்கையாளர் கையிலிருந்தே செல்ல வேண்டும், விடையும் தணிக்கையாளருக்கே நேரே வர வேண்டும். "எங்கள் ஆளே வங்கிக்குப் போகிறார், கொடுங்கள், வாங்கி வந்துவிடுவார்" என்று கணக்குப் பிரிவில் சொன்னால் அங்கே நின்று சிந்திக்க வேண்டும்.

2009 ஜனவரி 7 அன்று ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, தம் நிறுவன ஏட்டில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி உண்மையில் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். அந்நிறுவனத்தைத் தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் அமைப்புகள் மீது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011 ஏப்ரலில் நடவடிக்கை எடுத்தது. வங்கி உறுதிக் கடிதங்களை அனுப்புவதையும் பெறுவதையும் தணிக்கைக் குழு தன் பொறுப்பில் வைத்திராமல் நிறுவனத்தாரிடமே விட்டுவிட்டது என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. ஐயாயிரம் கோடி மறைந்து கிடந்த இடம், ஒரு பயிற்சி மாணவரிடமும் ஒப்படைக்கத்தக்க அளவுக்கு எளிய ஒரு வேலை!

பாராததைப் பார்த்ததாக எழுதாமை

மாணவருக்குச் சோதனை வருவது பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு. பார்க்க வேண்டிய சான்றுச்சீட்டுகள் இன்னும் இருநூறு உள்ளன. குழுவினர் புறப்பட ஆயத்தமாகிவிட்டனர். குறியிட்டு முடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அவ்வேளையில் "இவ்வெண் வரை பார்த்தேன், இதன்பின் பார்க்கவில்லை" என்று எழுதி முதுநிலையாளரிடம் கொடுப்பவரே இத்தொழிலுக்கு உரியவர். கடிந்துரை கிடைக்கலாம், அது ஒரு நாளில் மறையும். பாராமல் இட்ட குறியோ பணித்தாளில் ஏழாண்டுக்குக் குறையாமல் காக்கப்படும். தவறி இட்டுவிட்டாலும் அன்றே சொல்லித் திருத்திக்கொள்ளலாம்.

எண்ணிக்கை பொருந்தாவிடில், கண்டதைக் கண்டபடி எழுதி மேலவரிடம் தெரிவிக்க வேண்டும். குற்றம் சாட்டுவது மாணவரின் வேலை அன்று. மறைப்பதும் அவர் வேலை அன்று.

நம் ஆகமங்கள் இல்லறத்தார்க்கு விதித்த சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் ஐந்தாகக் கூறுகிறது. அவற்றுள் கூடலேகக் கிரியை என்பது பொய்யாக எழுதுதல். நியாசாபகாரம் என்பது பிறர் வைத்த அடைக்கலப் பொருளைக் கவர்தல். சாகாரமந்திர பேதம் என்பது பிறர் மறையை வெளியிடுதல். கணக்குத் தொழிலில் இறங்குவோர் இம்மூன்றையும் நாள்தோறும் நினைவிற் கொள்ளத்தக்கன.

பெற்றோர்க்கு ஒரு சொல்

இறுதியாகச் சொன்ன மறைகாத்தல் பெற்றோரையும் சார்ந்தது. மதுரை பெருநகரமாயினும் வணிகத்தில் ஒருவரை ஒருவர் அறிந்த ஊர். திருமண வீட்டில் பந்தியில் அமர்ந்து, "அந்த ஆலையில் லாபம் எவ்வளவாம்?" என்று சித்தப்பா கேட்டால், பிள்ளை வாய் திறவாதிருப்பது மரியாதைக் குறைவு ஆகாது. தணிக்கையில் அறிந்த செய்தியை இசைவின்றி வெளியிடுவதைப் பட்டயக் கணக்காளர் சட்டம் தொழில் ஒழுக்கக்கேடாகவே வைத்திருக்கிறது. நாமும் கேளாதிருப்போமாக.

பெண்மக்களை ஆலைக்கும் கிடங்குக்கும் அனுப்பத் தயங்குவோர், ஆர். சிவபோகம் அம்மையாரை எண்ணிப் பார்க்கலாம். விடுதலைப் போரில் சிறை சென்று மீண்டு, 1933 இல் தேர்ச்சி பெற்று, இந்தியாவின் முதல் பெண் கணக்காயராக விளங்கியவர் அத்தமிழ்ப் பெண்மணி.

பயிற்சிக்குச் செல்லும் பிள்ளை தனக்கென ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். அதில் நிறுவனத்தின் தொகைகளை எழுதலாகாது. தனக்கு எழுந்த ஐயங்களை எழுதலாம். மாலையில் வீடு திரும்பும்போது, "இன்று எவ்வளவு வேலை முடித்தாய்?" என்று கேட்பதற்கு மாறாக, "இன்று எதை உன் கண்ணால் பார்த்தாய்?" என்று நாம் கேட்போம். அவ்வினாவுக்குத் தயங்காமல் விடை சொல்லக்கூடிய பிள்ளை, நான்கு வாரத்தில் கற்க வேண்டியதைக் கற்றுவிட்டது.