கடலடிக் குன்றம்

மலை என்றவுடன் விண்ணை நோக்கி நிமிர்ந்து நிற்கும் தோற்றமே எவர் நெஞ்சிலும் எழும். கடலுக்குள்ளும் குன்றுகள் உள. அவற்றுட் பல, தம் முடியைக்கூட வெளியே காட்டாமல் நீருக்குள்ளேயே நிற்கின்றன. அத்தகைய குன்றுகளுள் ஒன்று, தாய்லாந்து நாட்டின் மேற்கே பரந்து கிடக்கும் அந்தமான் கடலில் உள்ளது. ரிசெலியூ பாறை என்பது அதன் பெயர். சூரின் தீவுகளுக்குக் கிழக்கே சுமார் 18 கிலோமீட்டர்த் தொலைவில், நாற்புறமும் நீரே சூழ்ந்த வெளியில், அது தனித்து நிற்கின்றது. கடல் நன்கு வற்றும் வேளையில் அதன் உச்சி சிறிதே வெளிப்படும். நீர் ஏறியபோது அங்கே ஒரு பாறை உண்டு என்பதற்கே அடையாளம் இராது. மேலிருந்து நோக்கினால் குதிரை லாடம் போன்று வளைந்த வடிவுடைய அக்குன்று, செங்குத்தாக இறங்கி, 30 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் மணற்பரப்பைத் தொடுகின்றது.

அக்கடல் தமிழர்க்குப் புதியதன்று. அக்குன்றைக் காணச் செல்லும் படகுகள் புறப்படும் கரைப்பகுதியிலே தகுவாபா என்னும் ஊர் ஒன்று உண்டு. அங்கே கிடைத்த பழந்தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தையும் அதனைக் காக்கும் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரையும் குறிப்பிடுகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் வணிகர் அந்நீரின் மேற்பரப்பை அறிந்திருந்தனர். அதன் அடிப்பகுதியை நின்று காணும் பேறோ அண்மைக் காலத்தார்க்கே வாய்த்தது.

கொற்கை முதலிய துறைகளில் முத்துக்காக மூழ்கிய பண்டைத் தமிழர் மூச்சை அடக்கியே மூழ்கினர். கயிற்றிற் கட்டிய கல்லின் துணையால் விரைந்து இறங்கி, கைக்கெட்டிய சிப்பிகளை வாரிப் பையிலிட்டுக்கொண்டு, அடக்கிய மூச்சு முடிவதற்குள் மேலேறிவிடுதல் அவர்கள் தொழில். அது அருந்திறலே, ஆயினும் நின்று நோக்கும் அவகாசம் அதில் இல்லை. இக்குறையை நீக்கிய கருவி, 1943-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டில் உருவாயிற்று. கடற்படை அதிகாரியாகிய ஜாக் குஸ்தோவும், பொறியாளராகிய எமில் கான்யானும் அதனை அமைத்தனர். அது போர்க்காலம். பெட்ரோல் அரிதாயிருந்தமையால், மோட்டார் வண்டிகளை வேறு வாயுவால் ஓட்டும் முயற்சி நடைபெற்றது. அதற்கெனக் கான்யான் வைத்திருந்த வால்வே மாற்றம் பெற்று மூழ்குநரின் மூச்சுக் கருவியாயிற்று. வண்டிக்கென அமைந்த பொருள் மனிதனைக் கடலடிக்கு அழைத்துச் சென்றது வியப்பன்றோ!

இக்காலத்தில் இவ்வகைக் கருவியை ஸ்கூபா என்பர். முதுகிற் சுமக்கும் உருளையில் காற்று மிக அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும். மூழ்குநர் மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும் வால்வு திறந்து, சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்திற்கு ஒத்த அழுத்தத்தில் காற்றை வாய்க்கு அளிக்கும். உருளையில் இருப்பது தனிப் பிராணவாயு எனப் பலர் கருதுகின்றனர், அது பிழை. பெரும்பாலும் அது, மேலே எல்லோரும் சுவாசிக்கும் இயல்பான காற்றே. தனிப் பிராணவாயு ஆழத்தில் நஞ்சாகிவிடும்.

கண்ணுக்கும் கவசம் வேண்டும். நீர் நேரே விழியைத் தொட்டால் காட்சி மங்கும். விழிக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்று நின்றால்தான் தெளிவு உண்டாகும். இவ்விதிக்கு ஒரு புறனடை அக்கடலிலேயே காணப்படுகின்றது. அங்கு வாழும் மோக்கன் என்னும் கடலோடி மக்களின் சிறுவர், நீரடியிற் கிடக்கும் சிறு பொருள்களையும் வெறுங்கண்ணாற் கண்டு எடுப்பர். ஐரோப்பியச் சிறுவரினும் அவர்கள் நீருள் இரு மடங்கு நுட்பமாகக் காண்கின்றனர் என்றும், கண்மணியை மிகச் சுருக்கிக்கொள்வதால் அது கைகூடுகின்றது என்றும் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் 2003-ஆம் ஆண்டில் எழுதினர்.

படகினின்று குதிப்போர் இருவர் இருவராகவே இறங்குவர். இறங்கத் தொடங்கியதும் முதலில் முறையிடுவது செவி. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, நடுச்செவியின் அழுத்தத்தைச் சமன் செய்தாலன்றி வலி பொறுக்கலாகாது. சிறிது ஆழம் சென்றதும் நிறங்கள் மாறுகின்றன. சூரிய ஒளியிலுள்ள நிறங்களுள் செந்நிறத்தையே நீர் முதலில் விழுங்குகின்றது. ஆதலின் செம்மையான பொருள்களெல்லாம் கருத்துத் தோன்றும். கைவிளக்கின் ஒளியை வீசியவுடன் அச்சரிவின் உண்மைக் கோலம் புலனாகும். ஊதாவும் சிவப்புமாக மென்பவளங்கள் பாறை தெரியாதவாறு போர்த்து நிற்கும். அவை செடி போலத் தோன்றினும் செடியல்ல. எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடி வாழும் குடியிருப்புகள். நீரோட்டம் கொணரும் நுண்ணிரையே அவற்றுக்கு உணவு. மூழ்குநர் அஞ்சும் நீரோட்டமே அக்குன்றின் வளத்திற்கு வித்தாகும்.

பவளக் கிளையை வாலாற் பற்றி அசையாது நிற்கும் கடற்குதிரையைக் கண்டறிதற்குப் பொறுமை வேண்டும். அவ்வினத்தில் குஞ்சுகளை வயிற்றுப் பையிற் சுமப்பது ஆணே. வண்ணத் திட்டுகள் அணிந்த ஒருவகைச் சிற்றிறால், இணையாக வாழ்ந்து, தன்னினும் பெரிய நட்சத்திர மீனைப் புரட்டிப் போட்டு உண்ணும். கணவாய், கண்ணிமைக்கும் நேரத்தில் மேனி நிறத்தை மாற்றும். சரிவுக்கு அப்பால், திறந்த நீரில், சீலா மீன்கள் வெள்ளிச் சுவர் போலத் திரண்டு நிற்கும். சில வேளைகளில், மீன்களுட் பெரியதாகிய திமிங்கலச் சுறாவும் வெண்புள்ளிகள் நிறைந்த முதுகுடன் மெல்ல வந்து செல்லும். உருவு கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடித்து உண்பது அது.

இத்தகைய காட்சியில்தான் இடர் ஒளிந்திருக்கின்றது. அச்சுறா குன்றைக் கடந்து ஆழ்நீருட் செல்லுமாயின், பின்தொடர வேண்டும் என்னும் விழைவு எழும். ஒரு கணக்கைக் காண்க. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. மேற்பரப்பில் ஒன்று, 30 மீட்டரில் நான்கு. ஓர் உருளையில் 2,400 லிட்டர் காற்று உள்ளது என்றும், மூழ்குநர் நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் என்றும் கொள்வோம். மேற்பரப்பில் அது 120 நிமிடத்திற்குப் போதும். 30 மீட்டரிலோ ஒவ்வொரு மூச்சிலும் நான்கு மடங்கு காற்று செலவாதலின், 30 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மேலேறுதற்குரிய காற்றையும் அதிலிருந்தே ஒதுக்க வேண்டும்.

காற்று குறைவது அளவியிற் காணத்தக்கது. அறிவு குறைவதைக் காட்டும் அளவி இல்லை. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அளவுள்ள நைட்ரசன், மேற்பரப்பில் யாதொரு தீங்கும் செய்யாதது. 30 மீட்டரை அடுத்து அது மது போல் மயக்கத் தொடங்குகின்றது. மயங்கியவர் தாம் மயங்கியதை உணரார். மாறாக, பெருந்தெளிவு பெற்றதாகவே எண்ணுவர். குஸ்தோவின் தோழராகிய மோரீஸ் பார்க் என்பவர் இதற்கு இரையானார். 1946-ஆம் ஆண்டில், குஸ்தோ ஒரு நீரூற்றின் ஆழத்தில் உணர்வு தளர்ந்தபோது, மேலிருந்து கயிற்றை இழுத்து அவர் உயிரைக் காத்தவர் இவரே. மறு ஆண்டு, தூலோன் துறைமுகத்தை அடுத்த கடலில், எத்துணை ஆழம் செல்லலாகும் என்று ஆராயக் கயிற்றைப் பற்றி இறங்கினார். கயிற்றில் ஆங்காங்கே பலகைகள் கட்டப்பட்டிருந்தன. அடைந்த ஆழத்திற்குச் சான்றாக அவற்றிற் கையொப்பமிடுதல் ஏற்பாடு. சுமார் 120 மீட்டர் ஆழத்துப் பலகையில் அவர் கையொப்பம் இருந்தது. மேலே இழுத்தபோது, மூச்சுக் குழாய் வாயினின்று நழுவியிருந்தது. அவரை உயிர்ப்பிக்கச் செய்த முயற்சிகள் பயன்படவில்லை.

பொழுதுபோக்காக மூழ்குவோர்க்கு 40 மீட்டர் என எல்லை வகுத்தது இத்தகைய பட்டறிவினாலேயே. இறங்குவதினும் ஏறுவது அரிது. மூச்சை அடக்கிக்கொண்டு ஏறுதல் கூடாது. 10 மீட்டரில் நுரையீரலை நிரப்பிய காற்று மேற்பரப்பில் இரு மடங்காகப் பெருகி நுரையீரலைக் கிழித்துவிடும். முத்துக் குளித்தவர்க்கு இவ்விடர் இல்லை. மேலே இழுத்த மூச்சே அவர்களுடன் இறங்கிச் சுருங்கி, மீளும்போது பழைய அளவையே அடைந்தது.

விரைந்து ஏறுதலும் கூடாது. சோடாப் புட்டியைத் திடீரெனத் திறந்தால் குமிழிகள் பொங்குமன்றோ? அழுத்தத்தால் குருதியிலும் தசையிலும் கரைந்த நைட்ரசன், அழுத்தம் சட்டென நீங்கினால் அவ்வாறே குமிழியாகி, மூட்டுகளை வருத்தும். தண்டுவடத்தைத் தாக்கி முடமாக்குதலும் உண்டு. ஸ்காட்லாந்து அறிஞர் ஹால்டேன் ஆடுகளைக் கொண்டு ஆராய்ந்து, படிப்படியாக நின்று ஏறும் முறையை 1908-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று மூழ்குநர் ஆழத்தையும் காலத்தையும் கணக்கிடும் சிறு கருவியைக் கையில் அணிகின்றனர். 30 மீட்டரில் ஏறத்தாழ 20 நிமிடமே அவர்க்கு உரியது.

காலம் நெருங்கியதும் ஒருவர் கட்டைவிரலை உயர்த்துவார். கரையில் அக்குறிப்பு ‘நன்று’ எனப் பொருள்படும். நீருள் ‘மேலே செல்க’ என்பதே பொருள். அது வேண்டுகோளன்று, எதிரே சுறாவே நின்றாலும் மற்றவர் உடன்பட்டே ஆகவேண்டும். இருவரும் தாம் விட்ட குமிழிகளினும் மெதுவாக ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்பர். குன்றின் மேற்பகுதி அவ்வாழத்தை ஒட்டியிருத்தலின், நிற்கும் நேரமும் வீணாவதில்லை. ஒளி மிகுந்த அவ்விடத்தில் சிறு மீன்கள் அவர்களைச் சூழ்ந்து திரியும்.

மே நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை பருவக்காற்றுக் காலமாதலின் சூரின் தேசியப் பூங்கா மூடப்படும். ஏனைய மாதங்களில் வருவோர் ஒரே நாளில் இருமுறை மும்முறை மூழ்குவதுண்டு. உடலிற் கரைந்த நைட்ரசன் முற்றும் நீங்கச் சில மணி நேரம் போதாது. வானூர்தி உயரச் செல்லும்போது காற்றழுத்தம் குறைதலின், எஞ்சிய வாயு அங்கேயும் குமிழியாகக் கூடும். ஆகவே பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரம் கழிந்த பின்னரே வானூர்தி ஏறுவர்; வீடு திரும்ப எத்துணை அவசரம் இருப்பினும், ஓர் இரவைக் கரையிலேயே கழிப்பர்.