தூரிகையும் மனப்புண்ணும்

பள்ளிக்கூடத்தில் மிக எளிதாகப் பறிபோகும் பாடவேளை ஓவியப் பாடவேளை. கணக்கில் பாடப்பகுதி முடியவில்லையா? அறிவியலில் தேர்வு வைக்க வேண்டுமா? ஓவிய வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஓவிய ஆசிரியையாகிய நான் இதைக் குறைபட்டுக்கொள்வதில் சுயநலம் உண்டு என்று உடன் பணிபுரிவோர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். ஆனால் அந்த நாற்பது நிமிடத்தின் அருமையை நானே வெகுகாலம் அறியாதிருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் பணிபுரிந்தபோது, ஆறாம் வகுப்பில் 'எங்கள் வீடு' என்னும் தலைப்பில் படம் வரையச் சொன்னேன். ஒரு சிறுமி வீட்டை அழகாக வரைந்துவிட்டு, பிறகு கதவு, சன்னல், கூரை யாவற்றையும் கறுப்பு மெழுகு வண்ணத்தால் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தித் தேய்த்து மூடியிருந்தாள். 'சுத்தமில்லை' என்று சிவப்பு மையால் எழுதிப் பத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டேன். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவள் கரும்பலகையில் நான் வரைந்த மாம்பழத்தையும் பூச்சாடியையும் பிசகாமல் பார்த்து வரைந்து, நல்ல மதிப்பெண்களும் பெற்றாள். அவ்வீட்டில் என்ன துயரம் இருந்ததென்று நான் கேட்கவில்லை. ஒரு துயரமும் இல்லாமலும் இருந்திருக்கலாம். அவள் காட்ட வந்ததை நான் திருத்தப் போனேன் என்பது மட்டும் இன்றும் உறுத்துகிறது.

மனத்துயருக்கு ஓவியத்தை மருந்தாக்கும் முறைக்குக் கலைவழிச் சிகிச்சை என்று பெயர். ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கில ஓவியர் 1938-இல் காசநோய் விடுதியில் படுத்திருந்தபோது, பொழுது போக்கப் படுக்கையிலிருந்தே வரையத் தொடங்கினார். தமக்குக் கிடைத்த ஆறுதலைக் கண்டு பிற நோயாளிகளையும் வரையத் தூண்டினார். 1942-இல் இதற்கு ஆங்கிலத்தில் பெயரிட்டவரும் அவரே. இன்று பல நாடுகளில் இது தனிப் பயிற்சி பெற்றோர் செய்யும் தொழிலாக வளர்ந்திருக்கிறது.

நாம் அறிய வேண்டிய எடுத்துக்காட்டு அவ்வளவு தொலைவில் இல்லை. நம் மொழி பேசும் மட்டக்களப்பில் இருக்கிறது.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அவ்வூரும் சுற்றுக் கிராமங்களும் உள்நாட்டுப் போரில் பெரிதும் சிதைந்தன. 1990-இல் அங்கே தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தாருமே கொடிய படுகொலைகளைக் கண்டனர். அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் அஞ்சினர். தந்தையை இழந்த பிள்ளைகள், வீடு எரிவதைக் கண்ட பிள்ளைகள், பேச்சே குறைந்துபோன பிள்ளைகள் இரு பக்கமும் இருந்தனர். 1996-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, கனடா நாட்டு ஓவியரான பால் ஹோகன் என்பவரும், உளவள ஆலோசகரான இயேசு சபைக் குரு அருட்தந்தை பால் சற்குணநாயகம் அவர்களும் உள்ளூர் மக்களுடன் சேர்ந்து அங்கே ஒரு தோட்டத்தை உருவாக்கினர். அதுதான் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா.

தமிழ்க் கிராமத்திலிருந்தும் முஸ்லிம் கிராமத்திலிருந்தும் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்து வந்தார்கள். அவர்கள் மரநிழலில் களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், முகமூடி செய்தார்கள், செடி நட்டார்கள், கதை புனைந்து நாடகம் நடித்தார்கள். ஒரு நாள் விழாவாக இதை நடத்தி முடித்துவிடவில்லை. அதே பிள்ளைகள் வாரந்தோறும், மாதக்கணக்கில் வந்தார்கள். அவர்களுடன் இருந்த வழிகாட்டிகளும் அந்த மண்ணின் மக்களே. போரின் துன்பத்தைத் தாங்களும் பட்டவர்கள்.

'உனக்கு என்ன நேர்ந்தது? சொல்' என்று பிள்ளையைக் குடைவதில்லை என்பது இம்முறையின் உயிர்நாடி. காரணம் எளிது. பெரும் அச்சம் நேரும்போது அது எப்போதும் சொற்களாக நினைவில் தங்குவதில்லை. ஓசையாக, நிறமாக, வாடையாகத் தங்கிவிடவும் கூடும். கேள்வி கேட்டால் பிள்ளை வாயடைத்துப்போகும், அல்லது பெரியவர்களுக்குப் பிடித்த விடையைச் சொல்லும். கையில் களிமண்ணைக் கொடுத்துவிட்டு அருகே அமர்ந்தால், பிள்ளை தன் அச்சத்தைத் தனக்கு வெளியே ஓர் உருவமாக வைத்துப் பார்க்கிறது. அதை உடைக்கலாம், மாற்றலாம், அதற்கு ஒரு கதை சொல்லலாம். சொல் பிறகு வரும். வராமலும் போகலாம். பக்கத்தில் அமர்ந்து அதே வாளித் தண்ணீரில் கை கழுவுகிற பிள்ளை 'அந்தப் பக்கத்து' ஊரைச் சேர்ந்தது என்பதும் இதற்கிடையே மெல்லப் பழகிவிடுகிறது.

'எனக்கு வரைய வராதே, டீச்சர்' என்று சொல்லும் மாணவியரே, இதைக் கேளுங்கள். அமெரிக்காவில் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஜா கைமல் என்பவரும் குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேரை 45 நிமிடம் விருப்பம்போல் வரையவும் களிமண்ணில் செய்யவும் விட்டார்கள். அவர்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு, மன இறுக்கத்தின்போது மிகும் கார்டிசால் என்னும் சுரப்பு உமிழ்நீரில் குறைந்திருந்தது. முன்பே பழகியவருக்கும் பழகாதவருக்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சிறிய ஆய்வுதான், இதை வைத்து எல்லா நோயும் தீரும் என்று சொல்லிவிட முடியாது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கைரேகை பார்ப்பதுபோல் படம் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. கறுப்பு என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். கறுப்பு வண்ணக்கட்டி மட்டுமே மீதமிருந்ததால் பிள்ளை அதை எடுத்திருக்கலாம்! 'இந்தப் படத்தைப் பற்றி எனக்குச் சொல்கிறாயா?' என்று ஒருமுறை கேட்டுவிட்டுக் காத்திருப்பதே தக்கது. பிள்ளை சொன்னதை அண்டை வீட்டாரிடம் பரப்பலாகாது. ஆனால் யாரோ துன்புறுத்துவதாகப் பிள்ளை சொன்னால் மூடி மறைக்கவும் கூடாது. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். பல வாரமாக உறக்கமும் உணவும் குன்றிய பிள்ளைக்கு வண்ணப்பெட்டி மட்டும் போதாது. க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மனநல மருத்துவரைக் காண்பதில் வெட்கம் எதற்கு? 2022 முதல் 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தாய்மாருக்கு, பிள்ளையருகே உட்கார நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் போதும். விலையுயர்ந்த வண்ணங்களும் வேண்டாம். கோலமாவும் அடுப்புக்கரியும் செங்கல் துண்டும் எந்த வீட்டில் இல்லை? சக்கம்பட்டித் தறி வீடுகளில் சேலைக்கு டிசைன் வரைந்து கழித்த தாளின் மறுபுறம் வெறுமையாகத்தானே கிடக்கிறது!

இவ்வாண்டு முதல் என் வகுப்பு ஓவிய நோட்டுகளில் கடைசி நான்கு தாள்களுக்கு மதிப்பெண் கிடையாது. எதையும் வரையலாம். விரும்பியவர் காட்டலாம், விரும்பாதவர் மடித்து வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு மாதம் ஒருவரும் காட்டவில்லை. இப்போது சிலர் காட்டுகிறார்கள்.